சித்தப்பா போட்ட பூட்டு

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டுக்குப் பெரிய மனுஷி என்று மிஞ்சியது மூத்தவள்தான். பதினைந்து வயது. தையல் கடையில் பொத்தான் வைத்து, தன் வயிற்றையும் தங்கை வயிற்றையும் கழுவிக்கொண்டிருந்தாள்.

நகராட்சி ஆட்கள் வீட்டுக்குப் பின்னால் கழிப்பறை கட்டிக் கொடுத்தபோது, இனி புதர்ப் பக்கம் ஒதுங்க வேண்டாம் என்று இருவருக்கும் தலைகால் புரியவில்லை. சிமென்ட் ஈரம் காய்வதற்குள் பக்கத்து வீட்டுச் சித்தப்பா கதவில் பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சின்னப் புள்ளைங்க, நாறடிச்சிருவீங்க. வேணும்னா சித்திகிட்ட கேளுங்க."

அவர் வீட்டு ஆட்கள் நினைத்தபோதெல்லாம் போனார்கள். இவர்கள் கேட்டால் மட்டும், "இப்பத்தானேடி போன?" என்பாள் சித்தி. தண்ணீரும் அவர் வீட்டுக் குழாயிலிருந்துதான் வந்தது. வாயைத் திறந்தால் அதுவும் போய்விடும் என்று மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தங்கை சாவி கேட்பதையே குறைத்துக்கொண்டாள். பழகிவிட்டாள் என்று நினைத்தாள் அக்கா. ஒருநாள் காலை தங்கையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. மூத்தவள் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"புள்ள தண்ணியே குடிக்கறதில்லையா? சிறுநீர்ல கிருமி சேர்ந்திருக்கு" என்றாள் நர்ஸ்.

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "குடிச்சா வரும்ல. வந்தா சாவி கேக்கணும்ல."

மூத்தவள் தங்கையின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒரே பாயில் படுத்தும் இது தெரியாமல் போயிற்றே.

வீட்டுக்கு வந்ததும் அரைச் செங்கல்லை எடுத்துப் பூட்டை அடித்தாள். கைத்தோல் உரிந்தது, பூட்டும் தெறித்தது. சித்தப்பா ஓடி வந்தார்.

"யாரு குடுத்த தைரியம்டி?"

"இது எங்க வீட்டுது சித்தப்பா. நீங்களும் போங்க, வேணாம்னு சொல்லல. பூட்டு மட்டும் போடாதீங்க."

கையை ஓங்கியவர், தெருவில் தலைகள் முளைத்ததும் இறக்கிக்கொண்டார். "தண்ணியில்லாம எப்படிப் போறீங்கன்னு பாத்துடறேன்."

அன்றே இவர்கள் வீட்டுக்கு வந்த குழாயை அறுத்துவிட்டார்.

மூத்தவள் குடத்தோடு தெருக்குழாய்க்குப் போனாள். "சின்னப் பொண்ணு, குடும்பஸ்தங்க பிடிச்ச பிறகு வா" என்றாள் ஒருத்தி.

"நானும் குடும்பம்தான்க்கா நடத்தறேன்."

வரிசையில் முன்னால் நின்றவள் தன் குடத்தைச் சற்றே நகர்த்தி இடம்விட்டாள்.

அன்று ராத்திரி, "சித்தப்பா மறுபடியும் பூட்டினா?" என்று கேட்டாள் தங்கை.

"மறுபடியும் உடைப்பேன்."

சொல்லிவிட்டாள். ஆனாலும் பொத்தான் தைக்கும்போதெல்லாம் அவள் மனசு அந்தக் கழிப்பறைக் கதவிலேயே கிடந்தது.