நிரை முடியும் இடம்

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் அம்மாக்கண்ணு, வேலாயி, பேச்சியம்மா மூன்று பேரும் இலங்கை மலைநாட்டு டயகமவிலிருந்து மேலே ஏறினார்கள். மூவரும் ஒரே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள். அடுத்த மாதம் அம்மாக்கண்ணு கப்பல் ஏறுகிறாள். அவளுக்கும் புருசனுக்கும் இந்தியாவுக்கே போய்விட அரசாங்கப் பாஸ் வந்துவிட்டது. கடலை அவள் பார்த்ததில்லை. நினைத்தாலே பயந்தாள். மலை உச்சிப் புல்வெளியின் விளிம்பில் நின்றால் விடியலில் கடல் தெரியும் என்று வேலாயி கேள்விப்பட்டிருந்தாள். தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டால் பயம் போய்விடும் என்று அம்மாக்கண்ணு நம்பினாள்.

"வீட்டுல தேட மாட்டாராக்கா?" என்றாள் பேச்சியம்மா.

"சோறாக்கி வச்சிட்டுத்தான் வந்தேன். தேடுனா சட்டிக்குள்ளதான் தேடுவாரு," என்றாள் அம்மாக்கண்ணு.

பொழுது சாயும்போது பாறை இடுக்கில் தீ மூட்டினார்கள். ரொட்டி சுட்டுத் தின்றார்கள். தூரத்தில் மரைமான் ஒன்று கூப்பிட்டது. ஒரே கம்பளிக்குள் மூவரும் தூங்கிப்போனார்கள்.

விடியலில் எங்கும் பனிமூட்டம். புல் இடுப்பளவு நின்றது. யாரும் சொல்லாமலே ஆளுக்கொரு நிரையாகப் பிரிந்து நடந்தார்கள். தோட்டத்தில் தேயிலைச் செடி வரிசைகளில் அப்படித்தான். ஒருத்தியின் நிரையில் இன்னொருத்தி கால் வைப்பதில்லை.

"என் நெரைக்குள்ள வராதடி," என்றாள் வேலாயி.

"இது புல்லுடி, கிறுக்கி," என்றாள் பேச்சியம்மா. ஆனாலும் விலகியே நடந்தாள்.

அவர்கள் சிரிப்பு பஞ்சுக்குள் போனதுபோல் அடங்கியது. அம்மாக்கண்ணு தூக்கத்தில் நடப்பவள்போல் நடந்தாள். கைகள் தாமாகவே புல் நுனியைக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டன. முதுகில் கூடை இல்லை. கப்பலும் இப்படித்தான் போகுமோ என்று நினைத்தாள், கீழே ஒன்றும் தெரியாமல்.

கையை நீட்டினாள். கிள்ள ஒன்றும் இல்லை. நின்றாள்.

காலருகே ஒரு கல் உருண்டது. அது விழுந்த சத்தம் வரவே இல்லை.

"நெரை முடிஞ்சிருச்சு!" என்று கத்தினாள். "அங்கயே நில்லுங்கடி!"

காற்று வந்தது. மூட்டம் கிழிந்தது. காலடிக்கு முன்னால் மலை இல்லை. வெகு கீழே காடு. அதற்கப்பால் மங்கலான நிலம். அதன் முடிவில் மெல்லிய வெள்ளிக் கோடு. ஒற்றை விரலைக் கிடையாக நீட்டினாள். கடல் அதற்குப் பின்னால் மறைந்தது. விரலை எடுத்தாள். கடல் அங்கேயே இருந்தது.

மூட்டம் மறுபடி மூடிக்கொண்டது.

மற்ற இருவரும் அவள் குரலைப் பிடித்துக்கொண்டு, புல்லில் உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்தார்கள். அவர்களுக்கு வெண்மை மட்டுமே கிடைத்தது.

"பாத்தியாக்கா? எப்படி இருந்துச்சு?"

"கோடு மாதிரி."

"அம்புட்டுதானா? இதுக்கா இம்புட்டு ஏறுனோம்?" என்றாள் வேலாயி.

"அம்புட்டுதான் புள்ள. தாண்டிரலாம்."

அவள் குரல் நடுங்கவில்லை. பேச்சியம்மாவின் கையைப் பிடித்தவள் அதை மட்டும் விடவில்லை.

திரும்பும்போது மூவரும் ஒரே நிரையில் நடந்தார்கள்.