ஏலக்காய்ப் பாட்டு

வாயை மூடிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டினால் சுட்டுவிடுவார்கள். தோட்டத்தில் அதுதான் சட்டம்.

போன வருடம் பனிமூட்டத்தில் பேசாமல் நடந்துபோன காளியம்மாவின் தம்பியை, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுக் காட்டுக்காரன் என்று நினைத்துக் காவல்காரன் ஒருவன் நெஞ்சில் சுட்டான். பால்வாளியைக் கையில் பிடித்தபடியே செத்துக் கிடந்தான். மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடிந்ததும் வெள்ளைக்காரத் துரை ஏதோ சொன்னார். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி அதைத் தமிழில் சொன்னார்: "நல்லா வெளிச்சம் வர்ற வரைக்கும் எல்லாரும் பாடிக்கிட்டே வேலை செய்யணும். எந்தப் பாட்டுன்னாலும் சரி. சத்தம் இல்லாத ஆளு காட்டு ஆளு."

அன்றிலிருந்து ஜெராம் ரோட்டை ஒட்டிய அந்த ரப்பர் காடு விடிகிற நேரத்தில் பைத்தியம் பிடித்த மாதிரி இருக்கும். ஒருத்தி தாலாட்டுவாள். ஒருத்தன் மாரியம்மனைக் கூப்பிடுவான். பாடவே வராத உடையப்பக் கிழவர், வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் பரம்பரையையே ராகம் போட்டுத் திட்டுவார். மண்டோர் காதில் விழாததுபோல் சைக்கிளை மிதித்துப் போய்விடுவார். பாட்டு பாட்டுதானே.

காப்ரியல் பாடியது மாதா பாட்டு. கோலசிலாங்கூரிலிருந்து சாமியார் வராத ஞாயிறுகளில் தோட்டத்துக் கோயிலில் ஜெபம் சொல்வதும் பாட்டை எடுத்துக் கொடுப்பதும் அவன்தான். சினிமாப் பாட்டு என்றால் அவனுக்கு ஆகாது. குடியிருக்கும் லயத்து வீடுகளில் எவனாவது முணுமுணுத்தால்கூட, "இந்த எழவெல்லாம் தோட்டத்துக்கு வெளியில வச்சுக்க" என்பான். ஒரு மாதா திருநாளில், ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது அடுத்த லயத்தில் கிராமபோன் பாடியது. காப்ரியல் எழுந்து போனான். அவனுக்குப் பக்கத்தில் மரம் வெட்டும் கார்த்திகேசின் பெண்சாதி கங்கா அப்போதுதான் சாவியை முறுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் இசைத்தட்டை எடுத்து முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்துப் போட்டுவிட்டு வந்தான். கங்கா அழுதாள். கார்த்திகேசு மட்டும், "விடு புள்ள, அண்ணனுக்குச் சாமி வந்துருச்சு" என்று சிரித்தான்.

உடைத்தது எந்தப் பாட்டு என்பதுதான் விஷயம். சப்பான்காரன் வருவதற்கு முன்னால், ஜெராமில் அப்துல் மஜீது சாப்பாட்டுக் கடையில் அந்தப் பாட்டை நாள் முழுக்கப் போடுவார்கள். மீன் வாங்கப் போகிற காப்ரியல், மீன் நாறுகிறவரைக்கும் ஒரே கிளாஸ் தேநீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆண் குரல் கேட்கும்:

ஏலக்காய்த் தோட்டத்திலே என்னடி சத்தம்?

பெண் குரல் குழைந்து பதில் சொல்லும்:

எட்டு வளை ஒடையுதையா, எட்டி நில்லுங்க!

அவ்வளவுதான் பாட்டு. சங்கீதமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனால் அந்த இழுப்பு அவன் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. அவனுக்கு வெட்டக் கொடுத்த மர வரிசை, அவனுடைய நிரை, சதுப்பில் போய் முடிகிறது. அங்கே ஆள் நடமாட்டம் கிடையாது. கடைசி மரங்களுக்கு வந்ததும் மாதா பாட்டை விட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி ஏலக்காய்த் தோட்டத்துக்குள் நுழைந்துவிடுவான். பாடி முடித்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வான். மறுநாளும் பாடுவான். உலகத்தில் யாருக்கும் தெரியாது என்பது அவன் நினைப்பு.

அன்று அவன் நிரையின் நடுவில், வாய்க்கால் ஓரத்தில் வெட்டிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து ஒரு கை வாயைப் பொத்தியது. கழுத்தில் கத்தி பட்டது.

காட்டுக்காரர்கள் நாலு பேர். மூன்று சீனர், ஒரு தமிழன். சீனரில் மூத்தவன் சத்தம் போடாதே என்பதுபோல் "டியாம்!" என்று அதட்டினான். தமிழன் தாடிக்குள்ளிருந்து மெதுவாகப் பேசினான். பேச்சு கெர்லிங் பக்கத்துத் தோட்டத்துப் பேச்சு.

"கார்த்திகேசு இங்கதானே கத்தி தீட்ட வருவான்?"

காப்ரியல் பதில் சொல்லத் தேவையே இல்லை. அவர்கள் பார்த்து வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். கார்த்திகேசுக்குச் சொந்தத்தில் தீட்டுக்கல் கிடையாது. தினமும் பாதி வேலையில் வாய்க்காலைத் தாண்டி வந்து காப்ரியலின் கல்லில் தீட்டிக்கொண்டு போவான். "ஒரு கல்லு வாங்கித் தொலையேன்டா" என்றால், "ஒங்க கல்லுல தீட்டினாத்தாண்ணே என் கத்திக்கு ஞானஸ்நானம் கெடைக்குது" என்பான்.

கார்த்திகேசு மேல் அவர்களுக்கு என்ன கணக்கு என்பதும் தோட்டம் முழுக்கத் தெரியும். சதுப்பில் அவர்கள் புதைத்து வைத்திருந்த அரிசி மூட்டையைப் பார்த்துவிட்டுப் போலீசில் சொன்னவன் அவன். மூட்டையை எடுக்க வந்த இரண்டு பேரைப் பட்டாளம் சுட்டுக் கொன்று, லோரியில் ஏற்றிப் போய், டவுனில் ஊர் பார்க்கக் கிடத்தி வைத்தது.

"பாடு" என்றான் தாடிக்காரன். "எப்பவும் போலப் பாடு. சத்தம் நின்னா ரோட்டுல நிக்கிறவன் வருவான். அவன் வந்தான்னா மொத சாவு ஒனக்குத்தான்." இரண்டு பேர் வாய்க்காலில் இறங்கிப் படுக்க, மூத்தவனும் தாடிக்காரனும் கத்தியைக் கழுத்திலிருந்து எடுக்காமல் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார்கள்.

காப்ரியல் வாயைத் திறந்தான். மாதா பாட்டு நாக்கு வரைக்கும் வந்தது. அதைப் பாடினால் கார்த்திகேசு எப்போதும் போல வருவான். பாட்டை நிறுத்தினால் தன் கழுத்து போகும். தான் தினம் பாடுவது என்ன பாட்டென்று இவர்களுக்குத் தெரிந்திருக்காது. அப்போதுதான் அது மூளையில் உறைத்தது. கோயில்கார காப்ரியல் சினிமாப் பாட்டுப் பாடினால் கார்த்திகேசு என்ன நினைப்பான்? கங்காவின் தட்டோடு உடைத்துப் போட்ட அதே பாட்டைப் பாடினால்? என்னமோ கோளாறு என்று ரோட்டுக்கு ஓடமாட்டானா? ரோட்டில் துப்பாக்கியோடு காவல்காரப் பையன் செல்லையா நிற்கிறான். அவனுக்கும் புரியும்.

காப்ரியல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ரோடு வரைக்கும் கேட்கிறமாதிரி கத்திப் பாடினான்.

"ஏலக்காய்த் தோட்டத்திலே என்னடி சத்தம்?"

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கார்த்திகேசு பாடிக்கொண்டிருந்த காவடிச்சிந்து சட்டென்று நின்றது. ஓடு, ஓடுடா என்று காப்ரியல் மனதுக்குள் அடித்துக்கொண்டான். இன்னொரு தரம், இன்னும் சத்தமாகப் பாடினான்.

பனிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. பெண் குரல் இல்லை. கார்த்திகேசு குரலை ஒடித்துப் பெண்ணாக்கியிருந்தான்.

"எட்டு வளை ஒடையுதையா, எட்டி நில்லுங்க!"

வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீர் எடுக்கப் போகிறவளைப்போல் ஆட்டி ஆட்டி நடந்து வந்தான். பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு.

"வாங்கண்ணே வாங்க! இத்தன நாளா சதுப்போரம் போயித் திருட்டுத்தனமா பாடுவீங்க. இன்னிக்கு ரோட்டுக்கே கேக்குது லா!"

"ஓடு—"

மூத்தவனின் துப்பாக்கிக் கட்டை காப்ரியலின் வாயில் இறங்கியது. முன்பற்கள் நாக்கில் உதிர்ந்தன. அதற்குள் வாய்க்காலில் படுத்திருந்த இரண்டு பேர் கார்த்திகேசின் காலை வாரிவிட்டார்கள். குப்புற விழுந்தவனைத் தூக்கி, அவன் சட்டையையே வாயில் திணித்து, அவன் நிரையிலேயே வாய்க்கால் ஓர மரத்தோடு சேர்த்து வேலிக்கம்பியால் கட்டினார்கள். அவன் கண் காப்ரியலையே பார்த்துக்கொண்டிருந்தது. என்ன நடக்கிறதென்று இன்னும் புரியாத கண்.

"பாடு" என்றான் தாடிக்காரன்.

காப்ரியல் தலையை ஆட்டினான். கத்தி கழுத்துத் தோலைக் கீறி உள்ளே போனது. ரத்தம் சட்டைக்குள் சூடாக இறங்கியது. அவன் பாடினான். பல் இல்லாத வாயில் வார்த்தைகள் கொழகொழத்தன. "உம், சத்தமா" என்றான் தாடிக்காரன். சத்தமாகப் பாடினான்.

சுடவில்லை. பாராங் கத்தியால் வெட்டினார்கள். முதல் வெட்டு தோளில். இரண்டாவது கையில். பிறகு அவசரமில்லாமல், புல் வெட்டுகிறவர்கள் மாதிரி மாறி மாறி வெட்டினார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் மரம் அதிர்ந்து, வாய்க்காலுக்கு மேல் கவிந்த இலையில் தேங்கிய பனி காப்ரியலின் தலையில் சொட்டியது. கார்த்திகேசின் தொண்டைக்குள்ளிருந்து வந்த சத்தம் நிற்கும் வரைக்கும் காப்ரியல் ஏலக்காய்த் தோட்டத்தில் என்னடி சத்தம் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். போகும்போது மூத்தவன் துப்பாக்கிக் கட்டையால் அவன் மண்டையில் ஒன்று போட்டுவிட்டுப் போனான்.

அவனைத் தண்ணீர் தெளித்து எழுப்பியவன் செல்லையா.

"நான் ரோட்டுல நின்னு கேட்டுக்கிட்டுத்தாண்ணே இருந்தேன்" என்றான். "கோயில் அண்ணனுக்கு இன்னிக்குக் குஷி வந்துருச்சுன்னு சிரிச்சிக்கிட்டு நின்னேன். அதுலயும் எதிர்ப்பாட்டு வேற கேட்டுச்சா…"

திரும்பி வாய்க்காலில் வாந்தி எடுத்தான்.

விசாரணைக்குக் கூட்டிப் போன போலீஸ்காரர்கள் காப்ரியலைச் சும்மா விடவில்லை. பாடிக் காட்டிக் கொடுத்தாயா என்று கேட்டுக் கேட்டு உள்ளங்காலில் அடித்தார்கள். அவன் எச்சரிக்கத்தான் பாடினேன் என்றான். எச்சரிக்கைப் பாட்டா, யாருக்குத் தெரியும் அது எச்சரிக்கையென்று? கேட்டுவிட்டு மறுபடி அடித்தார்கள். கடைசியில் துரை போய்ச் சொன்னதும் அவனை விட்டுவிட்டார்கள். ஆள் குறைந்தால் மரம் யார் வெட்டுவது?

லயத்துக்கு நொண்டிக்கொண்டு வந்தபோது கங்கா வாசலில் நின்றாள். கழுத்து வெறுமையாக இருந்தது.

"கங்கா, அவன் ஓடிருவான்னு நெனச்சேன்" என்றான். "நான் அந்தப் பாட்டப் பாடினா அவனுக்குப் புரிஞ்சிரும்னு…"

"என்ன புரியும்?" என்றாள் கங்கா. "நீ தெனம் பாடுற பாட்டுதானே. ஒலகத்துக்கே தெரியும். நீ சதுப்போரம் போனதும் வெட்டுறவங்க எல்லாம் பாட்டக் கொறச்சிக்கிட்டு ஒன்னத்தான் கேப்பாங்க. என் தட்ட ஒடச்சியே, நீ போனப்புறம் அந்த மனுசன் என்ன சொன்னாரு தெரியுமா? விடு புள்ள, தெனம் காலையில இனாமாக் கேக்குறோமேன்னாரு." கீழே கிடந்த விறகுக்கட்டையை எடுத்து அவன் முகத்தில் ஓங்கி அடித்தாள். ஆறாத ஈறு மறுபடி கிழிந்தது. அவன் தடுக்கவில்லை. "ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டே இருந்தியாண்ணே? மடையா!"

அந்த வாரமே கங்கா புருசனின் நிரையில் இறங்கினாள். வேலை செய்ய ஆள் இல்லாத வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். மரத்தில் கம்பி கட்டிய தடம் அப்படியே இருந்தது. அவள் அதிலும் கோடு இழுத்து, வடிகிற பாலைப் பிடிக்க மங்கு வைத்தாள். வாய் மட்டும் ஏதோ ஒப்பாரி மாதிரி ஒன்றை முனகிக்கொண்டிருந்தது.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் காப்ரியல் நின்றான். மாதா பாட்டை எடுத்தான். முதல் அடிக்கு மேல் போகவில்லை. தொண்டைக்குள் கிடந்தது ஒரே பாட்டு. பல்லைக் கடிக்கப் பல்லும் இல்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

"யாரது?" ரோட்டிலிருந்து செல்லையா கத்தினான். கார்த்திகேசு செத்த நாளிலிருந்து பாட்டுச் சத்தம் கொஞ்சம் நின்றாலும் அவன் துப்பாக்கியைத் தூக்கினான். "யாரது அங்க? பாடு!"

காப்ரியல் பொத்திய கையை இன்னும் அழுத்தினான்.

"பாடு, இல்லேன்னா சுடுவேன்!" துப்பாக்கியில் குண்டு ஏறும் சத்தம் கேட்டது. முதல் குண்டு தலைக்கு மேலே கிளையை முறித்துக்கொண்டு போனது.

கங்கா ஒப்பாரியை நிறுத்தினாள். "அந்தப் பாட்ட மட்டும் பாடின, நானே ஒன்ன வெட்டுவேன்" என்றாள். கையில் பால் கத்தி இருந்தது. பிறகு குரல் உடைந்து, "வாயத் தொறந்து என்னத்தையாவது கத்தித் தொலண்ணே! பொணம் பாத்தது போதும்!" என்றாள்.

காப்ரியல் கையை எடுத்தான்.

"காப்ரியல்!" என்று கத்தினான். தன் பேரைத்தான். "காப்ரியல்! காப்ரியல்!"

ரோட்டில் துப்பாக்கி தாழ்ந்தது. கங்கா அடுத்த மரத்துக்குப் போனாள். அவனும் அடுத்த மரத்துக்குப் போய், பட்டையைச் சீவிக்கொண்டே, ராகம் எதுவும் வந்து ஒட்டிக்கொள்ளாதபடி, வெளிச்சம் வரும் வரைக்கும் தன் பேரைத் தானே கத்திக்கொண்டிருந்தான்.