புதன்கிழமை நாலு மணி

போனில் ஆபீஸ் மெயிலைப் போட்டு லேப்டாப்போடு இணைக்கச் சொல்லி மூன்று முறை ஆணை வந்தது. மூன்றையும் நான் கண்டுகொள்ளவில்லை. லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் எந்த மெக்கானிக்கை எந்தக் கட்டடத்துக்கு அனுப்புவது என்று பார்ப்பவள் நான். யார் எந்த மாடியில் நிற்கிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி. இதற்குப் போன் வேறு எதற்கு என்ற வீம்பு.

கடைசியில் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் என் மேசைக்கே வந்துவிட்டார்.

பாஸ்வேர்டு போட்டேன். மெயில் வேண்டுமா, காலண்டர் வேண்டுமா, பழைய குறிப்புகளையும் சேர்க்கட்டுமா என்று போன் கேட்டுக்கொண்டே போனது. எல்லாவற்றுக்கும் 'சரி' என்று அழுத்தித் தள்ளினேன்.

"படிச்சுட்டு அழுத்துங்க மேடம்."

"பரீட்சையா எழுதப்போறேன், வரிவரியாப் படிக்க?"

போனில் இருந்த காலண்டர் லேப்டாப்பில் வந்து உட்கார்ந்தது. புதன்கிழமைதோறும் நாலு மணிக்கு ஒரே வரி: 'அப்பாவும் நானும் பேச.' திரையைச் சட்டென்று என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அப்பா ரயில்வேயில் கால அட்டவணை போட்டு ஓய்வுபெற்றவர். குடிநீர் அலுவலக வேலையை விட்டு நான் இங்கே சேர்ந்தபோது, "லிப்ட மேல ஏத்திக் கீழ இறக்குறதெல்லாம் ஒரு வேலையா?" என்றார். "உங்க ரயிலும் போயிட்டுத் திரும்பித்தானேப்பா வந்துச்சு" என்றேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இரண்டு வருஷமாகப் பேச்சே இல்லை. ஒருநாள் மனசு கேட்காமல் அந்த வரியை எழுதி, அவர் மெயில் முகவரியையும் சேர்த்தேன். அனுப்பத்தான் துணிச்சல் வரவில்லை. வாராவாரம் போன் மணியடிக்கும், வாராவாரம் அணைப்பேன்.

"இது யாருக்கும் போகாதுல்ல?" என்று கேட்டேன்.

கம்ப்யூட்டர்காரர் எட்டிப் பார்த்தார். "போயிருச்சு மேடம். இப்ப இது ஆபீஸ் காலண்டர். உள்ள இருக்கிற முகவரிக்கு அழைப்பு தானாப் போயிரும். அதையும் கேட்டுச்சு, நீங்கதான் சரின்னீங்க."

"திரும்ப எடுக்க முடியாதா?"

"ரத்து பண்ணலாம். ஆனா ரத்துன்னு அவருக்கு இன்னொரு மெயில் போகும்."

பேச வாருங்கள் என்று அழைத்த கையாலேயே வேண்டாம் என்றும் எழுத வேண்டும். அவருக்குப் போன அழைப்பின் அடியில் கம்பெனி பெயரும் என் பதவியும் வேறு இருந்தன. அவர் மட்டம் தட்டிய அதே வேலை. குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்துவிடுவாரோ? மறுபடி அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எனக்குத் தாங்காது. ஆனாலும் ரத்து செய்யக் கை வரவில்லை.

கம்ப்யூட்டர்காரர் போய்விட்டார். நான் நாலாவது மாடியில் நின்றுபோன ஒரு லிப்டுக்கு ஆள் அனுப்பினேன். பிறகு அதே லிப்டுக்கு இன்னொரு ஆளையும் அனுப்பிவிட்டு, இரண்டு பேரிடமும் திட்டு வாங்கினேன்.

மதியம் போனும் லேப்டாப்பும் ஒன்றாக ஒலித்தன. அப்பாவின் பதில். 'அழைப்பு ஏற்கப்பட்டது' என்பதன் கீழே, அவரே தட்டியிருந்தார்:

"புதன் நாலு மணி எனக்கும் தோது. எந்தத் தேதி வரைக்கும் என்று நீ போடவில்லை. போடாதே."