பெற்றோர் பள்ளித் தேர்வுத் திட்டம்

கல்வித் துறைத் தலைமையகத்தின் மொழிப் பிரிவில் இருந்தது ஒரே ஒரு மேசை. அதற்குப் பின்னால் அமர்ந்திருந்தவரை எல்லோரும் ஒற்று சார் என்றே அழைத்தார்கள். வல்லெழுத்து மிக வேண்டிய இடத்தில் மிகாத ஒரு சுற்றறிக்கை தம்மைக் கடந்து போவதை அவரால் தாங்க முடியாது. மாடிப்படியருகே ‘தண்ணீர் குழாய்’ என்றிருந்த பலகையில், தாகத்தோடு வந்தவர் முதலில் ஒரு ‘க்’ சேர்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார் என்று அலுவலகத்தில் ஒரு கதை வழங்கியது. அது கதையன்று.

ஆகவே புதிய திட்டம் வந்தபோது, அதற்குப் பெயர் வைக்கும் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது. திட்டம் எளியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கூப்பன். பிள்ளையின் படிப்புக்காக அரசு செலவிடும் தொகை அதில் அடக்கம். அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, பெற்றோர் தமக்கு விருப்பமான பள்ளியில் அதைக் கொடுத்துப் பிள்ளையைச் சேர்க்கலாம்.

சிற்றுண்டிச் சாலையில் இதைப் பற்றிப் பெரும் போர் நடந்தது.

“பிடிக்காத செருப்பைப் போட்டுக்கிட்டு நடன்னு யாராவது சொல்வாங்களா? கடிச்சா மாத்திக்கணும். பள்ளிக்கூடமும் அப்படித்தான்” என்றார் கணக்கர்.

“நீங்க மாத்திக்குவீங்க சாமி. வசதி இருக்கறவங்க எல்லாம் கூப்பனைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டா, மிச்சம் நிக்கிற பிள்ளைங்க கதி? கூரை ஒழுகினா சத்தம் போடக்கூட அங்க ஆள் இருக்காது” என்றார் பண்டகக் காப்பாளர் அம்மாள்.

இருவரும் ஒற்று சாரைப் பார்த்தார்கள். அவர் இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்டபின், “செருப்பு உவமை கொஞ்சம் இடறுது” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனார். கருத்துச் சொல்வது அவர் பிரிவின் வேலையன்று.

பெயர் வைத்தார்: பெற்றோர் பள்ளித் தேர்வுத் திட்டம். இரண்டு ஒற்றும் உரிய இடத்தில் உட்கார்ந்திருந்தன. அன்று அவர் நிம்மதியாக உறங்கினார்.

மறுவாரம் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அவரைத் தேடி வந்தார். கேள்வித்தாள்களுக்கு நடுவே பாதி ஆயுளைக் கழித்த அந்த மனிதர், யாரிடமும் குரல் தாழ்த்தியே பேசுவார்.

“சார், அந்தத் திட்டத்தை எங்க பிரிவுக்கு மாத்திட்டாங்க. தேர்வுன்னு பேர் வந்துட்டா அது எங்க வீட்டுப் பிள்ளைதானே?”

“ஐயா, இது தேர்ந்தெடுக்கிற தேர்வு. எழுதற தேர்வு இல்லை.”

“அப்படின்னு எங்க இருக்கு?”

“தொகைத் தொடர். விரிச்சுப் பாருங்க. பெற்றோர், பள்ளியைத் தேர்வது.”

“நாங்களும் விரிச்சோம். பெற்றோர், பள்ளிக்காக எழுதும் தேர்வு. உங்க ஒற்றுகூடக் கலையலையே?”

ஒற்று சார் தொடரை மனத்துக்குள் ஒருமுறை விரித்துப் பார்த்தார். இலக்கணப்படி அதுவும் சரி.

செய்தியை வீட்டில் சொன்னபோது அவர் மனைவி சட்டை உலர்த்திக்கொண்டிருந்தார். அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை எழுத்துப் பலகைக்கு முன் உட்கார வைத்து, “கீழ் வரி தெரியுதா?” என்று கேட்பதே நாள் முழுவதும் அவர் தொழில்.

“நல்லா பேர் வச்சீங்க, போங்க. தேறலைன்னா?”

“காலியா இருக்கிற ஏதாவது ஒரு பள்ளிக்கு அவங்களே அனுப்பிடுவாங்க. இப்போதைக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறதுதான் காலி.”

இதைக் கேட்டதும் அவர்கள் மகள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். தெருக்கோடி அரசுப் பள்ளியில் படிக்கிறாள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அதன் மஞ்சள் சுவரும் வேப்பமரமும் மணி தொங்கும் தூணும் தெரியும். இந்த ஆண்டு மணியடிப்பது அவள் வகுப்பின் முறை; வகுப்புக்குள் அவளுடைய முறை. இதற்காக அவள் முதல் வகுப்பிலிருந்தே காத்திருந்தாள்.

“நான் எங்கேயும் போக மாட்டேன். நீங்க ஒழுங்கா படிங்கப்பா” என்றாள்.

படித்தார்கள். ஊரே படித்தது. பெற்றோருக்கான தனிப்பயிற்சி நிலையங்கள் மூலைக்கு மூலை முளைத்தன. பேருந்தில் நடுவயதுக்காரர்கள் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் மாலையில் விளையாடினார்கள். பெற்றவர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். வாலு தந்தையின் பாடத்தை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டாள். தடுமாறினால் தலையில் குட்டவும் செய்தாள்.

தேர்வு நாளன்று கணவனும் மனைவியும் பிள்ளைகளுடைய பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். தமிழ்த்தாளின் முதல் கேள்வி இப்படி இருந்தது: ‘நீங்கள் விரும்பும் பள்ளியை தேர்வதற்கான காரணங்களை கூறுக.’

ஒற்று சார் அதை இருமுறை படித்தார். ‘பள்ளியைத்’ என்று வரவேண்டும். ‘காரணங்களைக்’ என்று வரவேண்டும். இரண்டையும் திருத்தினார். அடுத்த கேள்வியில் எழுவாய் ஒருமை, பயனிலை பன்மை. மூன்றாவது கேள்வியில் பயனிலையையே காணவில்லை. அவர் உழைத்தார். கூடுதல் தாள் கேட்டு வாங்கினார். கடைசி மணி அடித்தபோது கேள்வித்தாள் குற்றமற்றதாக இருந்தது. விடைத்தாளில் ஒரு வரியும் இல்லை.

மனைவி எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே விடை எழுதியிருந்தார்: பள்ளி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் தேறினார். ஒற்று சார் தமிழ்த்தாளில் தவறினார். ‘பெற்றோர்’ என்பது பன்மை. ஆகவே இருவரும் தேறினால்தான் செல்லும் என்று தேர்வுப் பிரிவு விளக்கம் அளித்தது. அதையும் அவரால் மறுக்க முடியவில்லை.

வாலு அழவில்லை. “கேள்விக்கு எதிர்ல பதில் எழுதணும்னு உங்களுக்குத் தெரியாதாப்பா?” என்று மட்டும் கேட்டாள். அவள் அழுதிருந்தாலே தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் அவர் இயக்குநர் அம்மையாரின் அறைக்கு நேராகப் போனார்.

“அம்மா, ஒரே ஒரு சொல் மாறினா போதும். தேர்வுங்கற இடத்துல ‘தெரிவு’ன்னு போட்டுடலாம். தெரிவுன்னா தெரிந்தெடுக்கிறது. யாரும் பரீட்சைன்னு படிக்க முடியாது.”

அம்மையாருக்கும் மகன் உண்டு. அவரும் தேறவில்லை. உடனே கையெழுத்திட்டார்.

திருத்தம் வெளியாயிற்று: ‘தேர்வு என வருமிடமெல்லாம் தெரிவு எனப் படிக்க.’ ‘எல்லாம்’ என்ற சொல்லைச் சீர்மை கருதி ஒற்று சாரே சேர்த்திருந்தார். அதன் விளைவாக அந்த வாரம் பள்ளிகளில் அரையாண்டுத் தெரிவு நடந்தது. பிள்ளைகள் அவரவருக்குப் பிடித்த மதிப்பெண்ணைத் தெரிந்தெடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். வாலு எழுபத்தெட்டை எடுத்திருந்தாள். “நூறு எடுத்தா நீங்க நம்ப மாட்டீங்க” என்றாள்.

ஆனால் தேர்வுப் பிரிவு கைவிட்ட திட்டத்தைக் கட்டடப் பிரிவு அள்ளிக்கொண்டது. பள்ளித் தெரிவு என்றால் பள்ளியினது தெரிவு. அதாவது, பள்ளி கண்ணுக்குத் தெரிவது. எந்த வீட்டிலிருந்து எந்தப் பள்ளி தெரிகிறதோ, அந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பள்ளி. பார்வை ஆய்வாளர் என்று ஒரு பதவியே உருவாயிற்று.

“விரிச்சுட்டாங்களா?” என்றார் மனைவி.

“விரிச்சுட்டாங்க.”

“சரியா இருக்கா?”

“இருக்கு” என்றார் ஒற்று சார், ஈனக் குரலில். ஆயினும் முதன்முறையாக அவருக்கு இலக்கணம் சாதகமாக இருந்தது. சமையலறை ஜன்னல் இருக்கிறதே!

மற்றவர்கள் மொட்டை மாடிகளை வாடகைக்குப் பிடித்தார்கள். ஏணிகளின் விலை ஏறியது. தனியார் பள்ளிகள் கட்டடத்தின் மேல் கட்டடம் கட்டின; கட்ட முடியாதவை விளம்பரப் பலகை வைத்தன. அடுத்த தெருப் பள்ளி வைத்த பலகை வானளாவியது. ‘கண்ணுக்குத் தெரிவது நாங்களே!’ என்று அதில் எழுதியிருந்தது. அது நின்ற இடம், ஒற்று சாரின் ஜன்னலுக்கும் தெருக்கோடிப் பள்ளிக்கும் நேர் நடுவே.

மறுநாள் காலையில் பார்வை ஆய்வாளர் வந்தார். சமையலறைக்குள் வந்து, அடுப்பை ஒட்டி நின்று, ஜன்னல் வழியே பார்த்தார். பல் தெரியச் சிரிக்கும் பெரிய முகங்கள் மட்டுமே இருந்தன. மஞ்சள் சுவர் இல்லை, வேப்பமரம் இல்லை.

அப்போது பலகைக்குப் பின்னாலிருந்து மணியோசை எழுந்தது. வாலு அடித்தாள். தேவைக்கு மேலேயே அடித்தாள்.

“கேட்குதில்ல?” என்றார் ஒற்று சார், ஆவலோடு. “எங்க பொண்ணுதான்.”

“நல்லா கேட்குது சார். ஆனா உத்தரவுல தெரிவுன்னுதானே இருக்கு? கேள்வின்னு இல்லையே?” ஆய்வாளர் வருத்தத்தோடு பேனாவைத் திறந்தார். “முறைப்படி ஒரு தடவை கேட்டுடறேன். அம்மா, இங்கேருந்து தெருக்கோடிப் பள்ளி தெரியுமா?”

மனைவி பலகையைப் பார்த்தார். நாள் முழுவதும் அவர் கேட்கும் கேள்விதான் அது. எழுத்துப் பலகையின் கீழ் வரி மங்கலாகிப்போனவர்கள் என்ன சொல்வார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். கண்ணுக்கு எட்டாததை அவர்கள் நெஞ்சிலிருந்து எடுத்துச் சொல்வார்கள்.

“தெரியும்” என்றார்.

“பார்த்தா தெரியுதா?”

“தெரியும்னு சொல்றேனே. எனக்குத் தெரியும், இவருக்குத் தெரியும், பிள்ளைக்கு ரொம்ப நல்லாத் தெரியும்.”

ஆய்வாளர் குழம்பினார். துறையில் இருப்பவரிடமே கேட்டுவிடலாம் என்று திரும்பினார். “சார், நீங்கதான் மொழிப் பிரிவு. தெரியும்னா கண்ணால பார்க்கிறதா, மனசால அறியறதா?”

ஒற்று சார் தம் வாழ்நாளில் ஒரு சொல்லை இரு பொருள்பட நிற்க விட்டவரல்லர். இடம், பொருள், உருபு எல்லாம் காட்டி அதைப் பிரித்துக் கொடுப்பதற்குத்தான் அரசு அவருக்குச் சம்பளம் தந்தது. விளக்கம் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

“ரெண்டும்தான்” என்றார்.

“எதைப் போடட்டும்?”

“எதைப் போட்டாலும் பிழையில்லை. தெரியும்னே போட்டுடுங்க.”

ஆய்வாளர் அப்படியே எழுதினார். கீழே இன்னொரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டு, தாளை ஒற்று சாரிடம் நீட்டினார்: ‘பிள்ளை தெருக்கோடி பள்ளிக்கு செல்லலாம்.’

ஒற்று சாரின் கை தானாகவே சட்டைப்பைக்குப் போய்ப் பேனாவை எடுத்துவிட்டது. மூடியும் கழன்றுவிட்டது. தாளில் இரண்டு இடங்கள் காலியாக நின்று அவரைப் பார்த்தன.

அவர் பேனாவை மூடி, பைக்குள் செருகிக்கொண்டார்.

“ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க” என்றார்.