கறுப்பு ஒட்டிய முன் கண்ணாடி

என் வீட்டுக்காரர் உலகப்பனுக்குக் கார் என்றால் உயிர். கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைத் துணிக்கடைக்குத் தினமும் அவரேதான் ஓட்டிப் போவார். சண்டைக் காலத்தில் ஒரு நாள் சோதனைச் சாவடியில் மறித்து, முகத்தில் டோர்ச் அடித்து, தெருச்சனம் பார்க்க அவரைக் கீழே இறக்கிக் கையைத் தூக்கி நிற்க வைத்தார்கள். சில நாள் உள்ளே வைத்துவிட்டு அனுப்பினார்கள். என்ன குற்றம் என்று இன்றுவரை ஒருவனும் சொல்லவில்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

வீடு திரும்பிய மனிதர் அதன் பிறகு படியிறங்கவில்லை. கடையை அவர் தம்பி பார்த்துக்கொண்டார். சண்டை முடிந்து, சாவடிகளை எடுத்த பிறகும் அப்படித்தான். "எல்லாரும் என்னையே பார்க்குறாங்க நாகம்மை" என்பார். அவனவனுக்கு அவனவன் பாடு, இவரைப் பார்க்க யாருக்கு நேரம்? சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

பிறகு ஒரு காலை தானாகவே எழுந்து சட்டை போட்டார். "காருக்கு டின்ட் ஒட்டலாமா? முன் கண்ணாடிக்கும்" என்று கேட்டார். சண்டைக் காலத்தில் தடை செய்திருந்த அந்தக் கறுப்புத் தாளை அப்போது ஊரே ஒட்டத் தொடங்கியிருந்தது. அவர் வெளியே வருவாரென்றால் காருக்குத் தாரே பூசலாம் என்றிருந்தது எனக்கு. மருதானையில் ஒஸ்வால்ட் என்பவரின் கராஜுக்குப் போனோம்.

"முன்னுக்கும் ஒட்டலாம் அக்கா. வெளியில இருந்து ஒருத்தருக்கும் முகம் தெரியாது. உள்ளுக்க சோக்கா தெரியும்" என்றார் ஒஸ்வால்ட்.

சோக்காகத் தெரிந்தது பட்டப்பகலில் மட்டும். நாலு மணிக்கே உள்ளே மாலை ஆகிவிடும். மழை பெய்தால் முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றும் தெரியாது. மூக்கு ஸ்டியரிங்கில் முட்டுகிற மாதிரிக் குனிந்து ஓட்டுவார். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பேன்.

கீழ்வீட்டு ருக்கியா முதல் நாளே சிரித்தாள். எனக்கு இந்தக் கொழும்பில் கிடைத்த ஒரே சிநேகிதி அவள். "என்ன அக்கா, ஒங்கட காரப் பேயா ஓட்டுது? ஆளத் தெரியல்லயே!"

"என்னங்க, முன்னால ஒட்டினதை மட்டுமாவது எடுத்துடலாம்" என்றேன் அவரிடம்.

"அதை எடுத்தா நானும் வரமாட்டேன்."

அவர் சொன்னால் சொன்னதுதான். கண்ணாடியா, புருஷனா என்று கேட்டால் நான் எதைச் சொல்வேன்? அவர் கடைக்குப் போகத் தொடங்கினார். வெள்ளிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கு என்னைக் கூட்டிப் போனார். திரும்பும்போது பழைய மாதிரி முன்னால் போகிற ஆட்டோக்காரர்களைத் திட்டினார். அந்தத் திட்டைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷம்!

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது நல்ல மழை. வெள்ளவத்தைச் சந்தையைத் தாண்டினால் எங்கள் வீடு இருக்கும் ஒழுங்கை. கடவையில் மழைக்கோட்டுப் போட்ட ட்ராபிக் பொலிஸ்காரன், சனம் கடப்பதற்காக டோர்ச்சை ஆட்டிக் கையைத் தூக்கினான். அந்த வெளிச்சம் எங்கள் கண்ணாடியில் விழுந்தது.

இவர் பிரேக்கை அழுத்தவில்லை. சாவடிக் காலத்தில் இந்த ஊரில் கார் வைத்திருந்த எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு: சீருடையும் டோர்ச்சும் தெரிந்தால் வேகத்தைக் குறைத்து, முன் விளக்கை அணைத்து, உள்ளே விளக்கைப் போட்டு, முகத்தைக் காட்டிக்கொண்டு மெல்ல உருட்டிப் போக வேண்டும். போடாதவனைச் சுட்டாலும் கேள்வியில்லை. இவர் கை தானாகவே அதைச் செய்தது. முன் விளக்கு அணைந்தது. உள் விளக்கு எரிந்தது.

கறுப்புக் கண்ணாடி அப்படியே முகம் பார்க்கும் கண்ணாடி ஆனது. தெரு இல்லை, மழை இல்லை. நானும் அவரும் மட்டும் அதில் உட்கார்ந்திருந்தோம். "நிறுத்துங்க!" என்று கத்தினேன். கார் மெதுவாகத்தான் உருண்டது. ஏதோ மெத்தென்று இடித்தது.

இறங்கி ஓடினேன். ருக்கியா. இருட்டில் விளக்கில்லாமல் வந்த கார் அவளுக்கும் தெரியவில்லை. விழுந்த வேகத்தில் தலை நடைபாதை விளிம்பில் அடித்திருந்தது. பக்கத்தில் அவள் வாங்கி வந்த பாண் ரொட்டி நனைந்து கிடந்தது.

நிலையத்தில் அந்தப் பொலிஸ்காரன் இவரிடம் கோபமே இல்லாமல் கேட்டான். சின்னப் பையன், மீசைகூடச் சரியாக வரவில்லை. "ஐயா, லைட்டை அணைக்கச் சொல்லி யார் சொன்னது? நான் சொல்லவில்லையே." சிங்களத்தில்தான் கேட்டான். அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பையனிடம் எதைச் சொல்லி, எங்கிருந்து தொடங்குவது?

நீதிமன்றம் இவரைப் பிணையில் விட்டது. வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் ருக்கியா கண் திறக்காமலே போய்விட்டாள்.

மையத்து எடுக்கிற நேரம் அவள் புருஷன் பலீல் மாடிப்படி ஏறி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று பயந்தேன். அவர் எங்கள் அறைக் கதவுக்கு முன்னால் தொப்பியோடு நின்றார்.

"அண்ணன், நான் பலீல். ஒங்கள ஒருத்தரும் ஒண்டும் செல்ல மாட்டாங்க. ருக்கியாவ எடுக்கப் போறம். என்னோட வாங்க."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. எழும்புகிறார் என்று நினைத்தேன். பிறகு சத்தம் இல்லை. பலீல் காத்து நின்றார். கீழே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

"நேரம் ஆகுது அக்கா" என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் கதவில் கையை வைத்துக் கெஞ்சினேன், திட்டினேன், ருக்கியாவின் பெயரைச் சொல்லி அழுதேன். உள்ளேயிருந்து என் புருஷன் தாழ்ப்பாளை இன்னொரு முறை அழுத்திப் போட்டார்.