வீட்டுக்கு ஒரு மோட்டார்

அலுவலகத்தில் அவனுக்குக் கழட்டி என்று பெயர். கையில் எது கிடைத்தாலும் கழற்றிப் பார்க்காவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. அந்தக் கழட்டி, கைக்கு அடக்கமாக ஒரு மோட்டார் செய்திருந்தான். மிக்ஸியில் சொருகித் திருகினால் அரைக்கும். அதையே உருவி ஃபேனில் மாட்டினால் காற்று வரும், வாக்குவம் க்ளீனரில் மாட்டினால் தூசியை இழுக்கும். வீட்டுக்கு ஒரு மோட்டார் போதும், குப்பைமேடு பாதியாகிவிடும் என்று அதற்காக உயிரை விட்டுக்கொண்டிருந்தான்.

விற்பனை மேலாளருக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும். "ஒண்ணே போதும்னா மத்ததையெல்லாம் யாரு தலையில கட்டறது?" என்று முதலாளியின் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். இன்றைக்கு முதலாளி முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். பிடித்தால் தயாரிப்பு, பிடிக்காவிட்டால் பரண்தான்.

கழட்டி, சோதனைக்காக வீட்டில் புழங்கிய மிக்ஸியையே அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். மேஜைமேல் வைத்து ஸ்விட்சைத் தட்டினான். ஒரு முனகல்கூட இல்லை.

"அடடா, சத்தமே போடாத மிக்ஸி!" என்றார் விற்பனை மேலாளர், குளுகுளுவென்று.

திருகிப் பார்த்தான். உள்ளே மோட்டாரைக் காணோம்! உலகத்தையே கழற்றிப் பார்க்கிறவன், தன் பொருளைத் திறந்து பார்க்காமல் வந்துவிட்டான். வீட்டுக்குப் போன் போட்டான். பதற்றத்தில் விரல் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டது.

"மோட்டாரா? என் ஃபேன்லதான் ஓடுது மாப்பிள்ளே," என்றார் மாமியார். "கொஞ்சம் கண் அசந்தா உங்க பொண்டாட்டி உருவிட்டுப் போயிடறா. அதான் விடியறப்பவே எடுத்து மாட்டிட்டேன்."

"வீடு பூரா தூசி! அதக் குடுத்துத் தொலைம்மா!" என்று பின்னாலிருந்து மனைவியின் குரல்.

"போடி அந்தப் பக்கம், எனக்கு வேர்த்து ஊத்துது. மாப்பிள்ளே, நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க, குறை சொல்லல. ஆனா ஆளுக்கு ஒண்ணு குடுத்துடுங்க. இல்லேன்னா இங்க வெட்டுக்குத்து நடக்கும், சொல்லிட்டேன்."

மானம் கப்பலேறிவிட்டதென்று கழட்டி தலையைக் கவிழ்த்துக்கொண்டான். ஆனால் விற்பனை மேலாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"ஆளுக்கு ஒண்ணாமே! கேட்டீங்களா சார்? ஒரே வீட்ல ஆளுக்கு ஒண்ணு! உடனே போடுங்க சார் இத!"

முதலாளியின் முகம் மலர்ந்தது. "செஞ்சிடலாம்."

"சார், இது வீட்டுக்கு ஒண்ணுதான் சார்..." என்று இழுத்தான் கழட்டி.

"அது விளம்பரத்துல இருக்கட்டும்ப்பா," என்றார் முதலாளி.

கழட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் என்ன வேண்டுமானாலும் விற்கட்டும், என் வீட்டில் ஒன்றுக்கு மேல் நுழையாது என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

முதல் தொகுதி மோட்டார்கள் கிடங்குக்கு வந்த அன்று, சாயங்காலம் கிளம்பும்போது மனைவியின் குரல் மறுபடி காதில் கேட்டது. கால்கள் தாமாகக் கிடங்குப் பக்கம் திரும்பின.

"ஒரு மோட்டார் எடுப்பா. சும்மா, சோதனைக்கு."

கிடங்குக்காரர் எடுத்துக் கொடுத்தார். அதைப் பையில் போட்டுக்கொண்டு வாசல்வரை போன கழட்டி, தலையைச் சொறிந்துகொண்டே திரும்பி வந்தான்.

"இன்னொண்ணும் குடுத்துடு. மிக்ஸி காலியாத்தான் கிடக்கு."