ஸ்கேனுக்கு முதல் நாள் கடலை

இரவில் அடிக்கடி மூத்திரம் போக எழும்புகிறேன் என்று டாக்டரிடம் வாய் தவறிச் சொன்னேன். விட்டார்களா? இரத்தம் எடுத்தார்கள். அதில் பி.எஸ்.ஏ. என்ற அளவு அதிகமாம். புரோஸ்டேட்டில் புற்றுநோய் இருக்கலாம், இருந்தால் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே வந்துவிட்டதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார்கள். உள்ளே இருந்தால் குணமாக்கிவிடலாம். வெளியே வந்திருந்தால் கதை வேறு. எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்துவிட்டது.

என் மனைவி நாகேஸ்வரிக்கு அதெல்லாம் கிடையாது. நான் ஒரு பெருமூச்சு விட்டாலும் "சும்மா இருங்கோப்பா, ஒண்டும் இராது" என்று வாயை அடைத்துவிடுவாள். இவளுக்கு நெஞ்சு கல்லோ என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனை அவள்தான் எடுத்தாள். ஸ்கேனுக்கு முதல் நாள் இலேசான சாப்பாடு சாப்பிடச் சொன்னார்களாம். எங்கள் ஆட்களுக்கு இலேசான சாப்பாடு என்றால் மீன், இறைச்சி என்று மச்சம் இல்லை, அவ்வளவுதான். நவராத்திரி வேறு. பருப்பு, பலாக்கொட்டைக் கறி, முட்டைக்கோவா வறை, பின்னேரம் பூசைக்கு அவித்த கொண்டைக்கடலை. "வடிவாச் சாப்பிடுங்கோ, எல்லாம் சைவம்தானே" என்று திரும்பத் திரும்பப் போட்டாள். நானும் நல்ல பிள்ளையாகச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் மெசினுக்குள் படுத்திருந்தேன். தலைக்குமேல் ஆரோ தகரத்தை அடிப்பது மாதிரிச் சத்தம். பாதியிலேயே வெளியே இழுத்தார்கள். படம் எடுக்கும் பிள்ளை கல்யாணி, மதுரைக்காரி, நெளிந்துகொண்டு நின்றாள்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. குடல்ல வாயு நிறைய இருக்கு. புரோஸ்டேட் அதுக்குப் பக்கத்துலதானே? படம் கோணலா விழுது, பார்க்க வேண்டிய இடமே தெரியல. நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"கடலை" என்றேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் நடந்துட்டு, டாய்லெட் போயிட்டு வாங்க. அடுத்த ஆளை முடிச்சிட்டு உங்களை மறுபடி எடுக்கிறேன். அப்பவும் சரியா வரலைன்னா இன்னொரு நாள்தான்."

இன்னொரு நாள் என்றால் இன்னும் எத்தனை இரவு இந்தப் பயத்தோடு கிடப்பது? ஆஸ்பத்திரி உடுப்புக்கு மேல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கொரிடோரில் மேலும் கீழும் நடந்தேன். விசயத்தைச் சொன்னதும் வெளியே காத்திருந்த நாகேஸ்வரியும் கூடவே நடந்தாள். வாயு போய்விட்டதா என்று திருப்பத்துக்குத் திருப்பம் ஒரே கேள்வி.

"போட்டுதோ?"

"இல்லை."

"முயற்சி செய்யுங்கோவன்."

"இஞ்சாரும், ஆக்கள் பாக்கினம்!"

"பாக்கட்டும். அவைக்கு வாயு வாறேல்லையோ?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "கடலையை அவிச்சுக் கொட்டினது நீர்! உமக்கு ஒரு கவலையும் இல்லை" என்று சத்தம் போட்டேன்.

அவள் நின்றுவிட்டாள். "எனக்குக் கவலை இல்லையெண்டு ஆர் சொன்னது? நான் பயந்தா நீங்கள் இன்னும் பயந்திடுவியள் எண்டுதான் வாயை மூடிக்கொண்டு திரியிறன். நீங்கள் இல்லாம எனக்கு இருக்க ஏலாதப்பா."

எத்தனையோ வருசத்தில் அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் கையைப் பிடித்தேன். இத்தனை நாளாய் இறுகிக் கிடந்த உடம்பு அப்போதுதான் தளர்ந்தது போலும். கொரிடோர் முழுக்கக் கேட்டது.

நாகேஸ்வரி கண்ணைத் துடைத்தாள். "போட்டுது" என்றாள். இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகு டாய்லெட்டுக்கும் போய்வந்து மறுபடி படுத்தேன். படம் நன்றாக வந்திருக்கிறது என்று கல்யாணி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

சில நாள் கழித்து முடிவு சொல்லப் பெரிய டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். சந்தேகப்படும்படி சின்னதாக ஒன்று இருக்கிறதாம், ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்கவேண்டுமாம். ஆனால் சுரப்பியைத் தாண்டி வந்ததாகத் தெரியவில்லை என்று திரையில் தொட்டுக் காட்டினார். எனக்கு அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கும்பிடலாம் போலிருந்தது.

நாகேஸ்வரி என் காதுக்குள் சொன்னாள். "வெளியில வரக்கூடாது எண்டு பிள்ளையாருக்கு நேர்த்திக்கடன் வச்சனான்."

"என்ன நேர்த்தி?"

"கோயிலில எல்லாருக்கும் ஒரு பெரிய கிடாரம் நிறையக் கடலை."

நான் சிரித்த சிரிப்பில் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். நாகேஸ்வரி அழுதுகொண்டிருந்தாள்.

"கடலையை நீர் அவியும்" என்றேன். "கிடாரத்தை நானே தூக்குறன்."